லுனுகங்காவுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள்: கட்டடக்கலைக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கட்டடக்கலைக் கல்லூரிகளின் துறைத்தலைவர்களுக்கும், மாணவர்களைக் கல்விச் சுற்றுலா அழைத்துப் போகும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

கேட்க வந்தது ஒரே விஷயம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மாணவர்களை இலங்கைக்குக் கூட்டிப் போகும்போது பெந்தோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற லுனுகங்காவுக்கு, இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வீடும் தோட்டமுமான இடத்துக்கு, ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். காலையில் போய், வெயில் சாய்ந்த பிறகு கிளம்புங்கள். அதே நாளில் காலிக் கோட்டையையும் ஆமைப் பண்ணையையும் படகுச் சவாரியையும் சேர்த்துத் திணிக்காதீர்கள். இலங்கைப் பக்கமே இதுவரை போகாத கல்லூரி என்றால் அடுத்த கல்வியாண்டிலாவது சேர்க்கப் பாருங்கள். சண்டிகருக்கும் அகமதாபாத்துக்கும் ரயிலில் நாள்கணக்கில் போகிறோம், போகவும் வேண்டும், அங்கே பார்க்க நிறைய இருக்கிறது. சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான், நம் மழையும் நம் வெயிலும் நம் ஓட்டுக்கூரையும் அங்கேதான் இருக்கின்றன.

நான் கட்டடக்கலைஞர் இல்லை. தென் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் வீடு கட்டிக் கொடுக்கிற சிவில் இன்ஜினியர். உங்களிடம் படித்து வெளியே வந்த பிள்ளைகள் போடுகிற டிராயிங்தான் என் மேசைக்கு வருகிறது, அதை வைத்துக்கொண்டு மேஸ்திரியிடமும் கம்பி கட்டுகிறவரிடமும் வீட்டுக்காரரிடமும் மாறி மாறிப் பேசி அதை நிற்க வைப்பது என் வேலை. வகுப்பில் எதைச் சொல்லிக் கொடுத்தீர்கள், எதற்கு நேரம் இல்லாமல் விட்டீர்கள் என்பது சைட்டில் இரண்டே நாளில் தெரிந்துவிடும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன வருடம் குடும்பத்தோடு இலங்கை போனோம். கொழும்பில் ஒரு வேன் எடுத்துக்கொண்டு கடலை ஒட்டியே காலி, மாத்தறை வரைக்கும் இறங்கி, அப்புறம் வடக்கே தம்புள்ளைக்குப் போவதாக ஏற்பாடு. வழியில் லுனுகங்காவுக்குப் போக வேண்டும் என்றதும் வேன் ஓட்டிய தம்பிக்கு ஆச்சரியம். "அங்க ஒன்னும் இல்ல சேர், ஒரு பழைய வீடும் தோட்டமும்தான்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். அங்கே பழைய வீடும் தோட்டமும்தான் இருக்கின்றன. கட்டடம் என்று சுட்டிக்காட்டக்கூடியவை எல்லாமே சின்னவை, தாழ்ந்தவை, பாதி மரங்களுக்குள் மறைந்தவை. அதனால்தான் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அங்கே எதுவுமே தென்படாமல் போகிறது.

ஜெஃப்ரி பாவாவை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் மாணவர்களிடம் அவர் கதையைச் சொல்லும்போது அவர் கட்டிய கோட்டே நாடாளுமன்றத்திலிருந்தோ தம்புள்ளைப் பக்கத்துக் கந்தளம ஹோட்டலிலிருந்தோ தொடங்காமல் 1948லிருந்து தொடங்கிப் பாருங்கள். 1919ல் கொழும்பில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்தவர், பிறகு சட்டம் படித்து வக்கீலானவர். அந்தத் தொழிலில் மனம் ஒட்டவில்லை. ஊர் ஊராகச் சுற்றினார், இத்தாலியில் ஏரிக்கரையில் ஒரு வீடு வாங்கித் தங்கிவிடலாம் என்று நினைத்தார், அது நடக்கவில்லை. திரும்பி வந்து 1948ல், தெத்துவ ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை, அதில் இருந்த சாதாரண பங்களாவோடு வாங்கினார். அந்த வீட்டையும் நிலத்தையும் தன் மனதில் இருந்தபடி மாற்றத் தொடங்கியபோதுதான் தனக்குத் தொழில் தெரியவில்லை என்று உணர்ந்தார், அதற்காகவே லண்டன் போய்க் கட்டடக்கலை படித்தார், 1957ல் தகுதி பெறும்போது வயது 38. நிலம் முதலில் வந்தது, படிப்பு அதைத் தேடிக்கொண்டு பின்னால் வந்தது. 1998ல் பக்கவாதம் வந்து விழும்வரை ஏறக்குறைய ஐம்பது வருடம் அதே நிலத்தில் ஒன்றை வெட்டி, ஒன்றை நட்டு, ஒரு சுவரை எழுப்பி, ஒரு காட்சியைத் திறந்து, இப்படியே செய்துகொண்டிருந்தார். 2003ல் இறந்தபோது அங்கேயே தகனம் செய்தார்கள்.

இனி நான் பார்த்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் முழு நாள் ஏன் வேண்டும் என்பது இதில்தான் இருக்கிறது.

வீடு ஒரு மேட்டில் இருக்கிறது. அதன் தெற்குப் பக்கம் வந்து நின்றால் முன்னால் புல்வெளி மெல்லச் சரிந்து, மறுபடி மெல்ல ஏறி, ஒரு குன்றாகிறது. சின்னமன் ஹில் என்கிறார்கள். குன்றின் மேல் ஒரு மகிழ மரம், அதன் அடியில் ஒரு பெரிய சீனத்து ஜாடி. ஜாடிக்கு அப்பால் ஏரியின் தண்ணீர், அதற்கும் அப்பால் தொலைவில் ஒரு புத்த விகாரையின் வெள்ளைத் தாதுகோபம் (ஸ்தூபி). இயற்கையாகவே இப்படி வரிசையாக அமைந்திருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படி இல்லை. அந்தக் குன்றின் உச்சியை இறக்கி, மறைத்த மரங்களை எடுத்து, ஏரியையும் தாதுகோபத்தையும் பார்வைக்குள் கொண்டு வந்திருக்கிறார். ஜாடி அந்த நேர்க்கோட்டைக் கண்ணுக்குக் காட்டுவதற்காக வைத்தது. அந்த விகாரை அவருடைய நிலத்திலேயே இல்லை, யாருடைய ஊரோ, யாருடைய கோயிலோ, ஆனால் அவர் வீட்டு முன்வாசலுக்கு அது எல்லையாக ஆகிவிட்டது. ஒரு செங்கல் கூடச் செலவில்லாமல் ஒரு வீட்டைப் பல மடங்கு பெரிதாக்குவதை என் தொழில் அனுபவத்தில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதைவிட என்னை அசைத்தது நடுவில் இருக்கிற ரோடு. வீட்டுக்கும் குன்றுக்கும் இடையே ஊர்க்காரர்கள் போய்வருகிற ஒரு பாதை குறுக்கே ஓடுகிறது. வீட்டிலிருந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது, புல் ஒரே விரிப்பாக ஓடிப் போய்க் குன்றில் ஏறுவதாகத்தான் தெரியும். நடந்து போனால்தான் பாதை பள்ளத்துக்குள் தாழ்ந்து போவதும், நாம் ஒரு பாலத்தின் மேல் அதைக் கடப்பதும் புரிகிறது. நானும் மகளும் பாலத்தில் நின்று கீழே பார்த்துவிட்டு, திரும்ப வீட்டுப் பக்கம் போய் நின்று பார்த்தோம், மறுபடி பாலத்துக்கு வந்தோம். மேலிருந்து பார்க்கிறபடி வரைகிற பிளானில் இதைப் புரிய வைக்கவே முடியாது. நிலத்தைக் குறுக்கே வெட்டினாற்போல் வரைகிற செக்‌ஷனில்தான் இருக்கிறது எல்லாமே. சில அடி உயர வித்தியாசத்தில் ஒரு ரோடு இருக்கவும் செய்யும், இல்லாமலும் போகும் என்பதைக் காலால் நடந்து தெரிந்துகொண்ட ஒரு மாணவர் அதற்குப் பிறகு எந்த மனையிலும் லெவல் எடுக்காமல் (நிலத்தின் மேடுபள்ளத்தை அளக்காமல்) பென்சிலைத் தொடமாட்டார்.

வடக்குப் பக்கம் வேறு மாதிரி. அங்கே நிலம் ஏரியை நோக்கிச் சட்டென்று இறங்குகிறது, கீழே வயலும் தண்ணீரும், நீரோரத்தில் ஒரு சிறுத்தைச் சிலை. மேலே வீட்டை ஒட்டி ஒரு பழைய ஈழத்தலரி மரம். அதன் கிளைகள் படர்ந்து தாழ்ந்திருப்பது தானாக வந்ததில்லை, கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு வருடக்கணக்கில் அப்படிப் படர வைத்திருக்கிறார். ஒரு கிளை வளையும் வேகத்தில் காத்திருந்து வேலை செய்த மனிதர் அவர். தோட்டம் முழுக்க ஆங்காங்கே மேசை நாற்காலி போட்டிருக்கிறது, காலை உணவு ஓரிடம், மாலைத் தேநீர் ஓரிடம், எந்த நேரத்தில் எங்கே வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று பார்த்துப் போட்டவை. ஒவ்வொரு இடத்திலும் ஒரு மணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒலி, எந்த மணி அடிக்கிறது என்று கேட்டு வேலையாட்கள் அங்கே வருவார்களாம். காலை மேசையை மத்தியானம் பார்த்தால் அது வெறும் மேசைதான். ஆகவேதான் காலையிலிருந்து மாலைவரை அங்கே இருக்கச் சொல்கிறேன்.

நாங்கள் இருந்தபோதே ஒரு கல்லூரி மாணவர் கூட்டம் வந்தது. தமிழ்ப் பேச்சு கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. எந்தக் கல்லூரி என்பது இங்கே தேவையில்லை. வழிகாட்டி சொல்லச் சொல்ல முன்னால் இருந்த சிலர் கேட்டார்கள், பின்னால் இருந்தவர்களுக்கு எட்டவில்லை. ஜாடிப் பக்கத்தில் நின்று படம், ஈழத்தலரி அடியில் படம், பிறகு ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார், "பஸ்ஸுக்கு நேரமாச்சு, காலிக்குப் போகணும்" என்றார், எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் படியில் உட்கார்ந்து நோட்டில் எதையோ வரைந்துகொண்டிருந்தாள், அவளையும் கூப்பிட்டு எழுப்பிக்கொண்டு போனார்கள். அந்த ஆசிரியரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, நாற்பது ஐம்பது பிள்ளைகளை வெளிநாட்டில் பத்திரமாகக் கூட்டித் திரும்புவது சின்னப் பொறுப்பில்லை, அட்டவணை போட்டவர் வேறு யாராகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் கிடைத்திருக்க வேண்டும். அதைத் தரும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இதனால் நம் ஊரில் என்ன ஆகிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஒரு மனை வருகிறது, ஓரமாக ஒரு வேம்பு, பின்பக்கம் மூன்றடி பள்ளம், மேற்கே தூரத்தில் ஒரு மலை. இளம் ஆர்க்கிடெக்ட் வருகிறார், வரும்போதே போனில் த்ரீ-டி வியூ தயார். அதில் மனை தட்டையாக இருக்கிறது, வேம்பு இல்லை, மலை இல்லை, எலிவேஷன், அதாவது வீட்டு முகப்பு, மட்டும் பளபளவென்று இருக்கிறது. "சார், முதல்ல ஜேசிபி விட்டு லெவல் பண்ணிடுங்க" என்பதுதான் சைட்டில் நான் கேட்கிற முதல் வாக்கியம். பள்ளத்தை நிரப்ப லோடு லோடாகக் கிராவல் மண், அந்த மண் இறுகுவதற்குள் அஸ்திவாரம், அப்புறம் மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை. அந்தப் பள்ளத்திலேயே தரைத்தளத்தை இரண்டு படி இறக்கியிருக்கலாம். வேம்பை வைத்துக்கொண்டு சமையலறையை அதன் நிழலுக்கு நகர்த்தியிருக்கலாம். மேற்குச் சுவரில் சரியான உயரத்தில் ஒரு ஜன்னல் வைத்திருந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே மலை தெரிந்திருக்கும், இப்போது அந்தச் சுவரில் ஏசி இருக்கிறது. இதையெல்லாம் அந்தப் பிள்ளைகளிடம் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள், கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். நின்று பார்க்க யாரும் அவர்களுக்குப் பழக்கவில்லை, அவ்வளவுதான்.

பாவாவும் குன்றை வெட்டியவர்தானே, ரப்பர் மரங்களைச் சாய்த்தவர்தானே என்று ஒரு மாணவர் கேட்டால், அது நல்ல கேள்வி, அதை வகுப்பில் வளர விடுங்கள். என் பதில் இது. அவர் எதை எடுத்தால் எது தெரியும் என்று நின்று பார்த்து, தெரிந்துகொண்டு எடுத்தார். நாம் பார்ப்பதற்கு முன்பே எடுத்துவிடுகிறோம். சைட்டில் மண்ணைத் தொடுகிற வேலையில் இருக்கிறவனுக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது.

இன்னொரு கேள்வியும் வரும்: இது காசு இருந்த ஒரு மனிதரின் தோட்டம், மணி அடித்தால் ஓடி வர ஆள் இருந்த காலம், முப்பதுக்கு நாற்பது மனையில் வீடு கட்டப் போகிறவனுக்கு இதில் என்ன இருக்கிறது? இதற்குப் பதில் அந்த நிலத்திலேயே இருக்கிறது. ஈனா டி சில்வா என்ற கலைஞருக்காக பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் கட்டிய வீடு இப்போது லுனுகங்காவில்தான் நிற்கிறது. நகரத்தில் அந்த இடம் 2009ல் கைமாறியபோது, வீட்டை இடிக்கக் கொடுக்காமல், கல்லும் மரமும் ஓடுமாகப் பிரித்து, எண் போட்டு, ஏற்றி வந்து இங்கே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். வெளியே மதில், உள்ளே முற்றம், முற்றத்தைச் சுற்றி அறைகள், ஆழமான தாழ்வாரம். நம் பாட்டி வீட்டை நகரத்து மனைக்குள் எப்படி உட்கார வைப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. பழைய கட்டடத்தைப் பிரித்துத் திரும்பக் கட்டுவதில் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்பது தனி வகுப்பு, அதையும் கேட்டு வாருங்கள்.

முடிந்தால் அடுத்த நாள் கொழும்பில் அவருடைய நகர வீட்டையும் பாருங்கள், 33ஆவது லேனில் 11ஆம் எண். ஒரு சந்தில் வரிசையாக இருந்த நான்கு சின்ன வீடுகள். ஒன்றில் குடி வந்து, மற்றவை காலியாகக் காலியாக ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, இடையில் இருந்த சந்துகளையும் கொல்லைகளையும் வெளிச்சக் குழிகளாக்கி ஒரே வீடாக்கினார். அங்கே உள்ளே நிற்கிற தூண்களில் நம் செட்டிநாட்டுத் தூண்களும் உண்டு. காரைக்குடிப் பக்கம் வீடுகளைப் பிரித்துத் தூணைத் தூணாக விற்றுக்கொண்டிருக்கிற நேரத்தில், அதில் ஒன்றிரண்டு எங்கே போய் எவ்வளவு மரியாதையாக நிற்கின்றன என்பதை நம் பிள்ளைகள் பார்க்க வேண்டும். பாவா நம் பக்கமும் வேலை செய்திருக்கிறார். 1970களில் மதுரையில் மதுரா கோட்ஸ் நூல் ஆலைக்காக ஒரு கிளப், சென்னையில் கன்னிமரா ஹோட்டலின் புதுப்பிப்பு வேலை. இவை உங்கள் பாடத்தில் ஏற்கெனவே இருந்தால் மகிழ்ச்சி. இல்லையென்றால் இலங்கை போவதற்கு முன்பு மதுரைக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

இன்ஜினியராக எனக்கு ஒரு தனி வேண்டுகோளும் இருக்கிறது. பாவாவைப் பற்றிச் சொல்லும்போது டாக்டர் கே. பூலோகசுந்தரம் பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள். தமிழர், பொறியாளர், 1967லிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் பாவாவின் தொழில் பங்குதாரர். 1982ல் முடிந்த நாடாளுமன்றம் உட்பட அந்த அலுவலகத்தின் பெரிய வேலைகள் எழுந்த காலம் அது. நேரில் நின்று கையைக் காட்டி "இங்கே வேண்டும்" என்று முடிவெடுக்கிற ஒருவரின் அலுவலகத்தில், அந்த முடிவைக் கணக்கிலும் செலவிலும் நாள் குறிப்பிலும் நிற்க வைக்க ஒருவர் வேண்டுமல்லவா. உங்கள் மாணவர்கள் நாளைக்கு என்னைப் போன்றவர்களோடு வேலை செய்யப் போகிறவர்கள். இன்ஜினியர் என்றால் பீம் சைஸைக் கூட்டி அழகைக் கெடுக்கிறவர் என்ற எண்ணத்தோடு அவர்கள் வெளியே வருவது இரண்டு பக்கத்துக்கும் நல்லதில்லை.

கந்தளம பற்றி அதிகம் சொல்லவில்லை, அங்கே எல்லோரும் போகிறார்கள். மலையிலிருந்து வருகிற தண்ணீர் கட்டடத்துக்கு அடியிலேயே ஓடிக் குளத்துக்குப் போகட்டும் என்று அதைத் தூண்களின் மேல் நிறுத்தியிருப்பதை மட்டும் தவறாமல் காட்டிவிடுங்கள்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். லுனுகங்காவில் குறித்த நேரத்தில் வழிகாட்டியோடுதான் சுற்றிக்காட்டுகிறார்கள், அறைகளைத் தங்குகிறவர்களுக்கு வாடகைக்கும் விடுகிறார்கள். ஆகவே பொறுப்பில் இருக்கிற அறக்கட்டளைக்குப் பல மாதம் முன்பே எழுதி, மாணவர்கள் நாள் முழுக்க இருந்து வரைய அனுமதி கேளுங்கள். ஐம்பது பேரை ஒன்றாகக் கொண்டு போகாமல் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரியுங்கள். ஒரு குழு லுனுகங்காவில் இருக்கும் நாளில் இன்னொரு குழு பக்கத்திலேயே இருக்கிற அவருடைய அண்ணன் பெவிஸ் பாவாவின் பிரீஃப் தோட்டத்தில் இருக்கலாம். காலையில் முதல் சுற்று முடியும்வரை போனை வாங்கி வைத்துவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே வேலை கொடுங்கள்: ஏரியில் தொடங்கி, வடக்குச் சரிவு, வீடு, புல்வெளி, பாலம், குன்று வழியாக மறுபடி ஏரி வரை ஒரே நீளமான செக்‌ஷன். காலடி அளந்து, கண்மட்டத்தில் கணித்து வரையட்டும், துல்லியம் முக்கியமில்லை. மத்தியானம் எல்லோரும் தங்கள் தாள்களைத் தரையில் விரித்து ஒப்பிடட்டும், யாருக்கு ரோடு தெரிந்தது, யாருக்குத் தெரியவில்லை என்பது அங்கேயே புரிந்துவிடும். மாலையில் தோட்டக்காரர்களிடம் பேசச் சொல்லுங்கள், மொழி தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தோட்டத்தை அதன் பழைய வடிவிலேயே வைத்திருக்க மழைக்காலத்தில் என்ன பாடுபட வேண்டியிருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

செலவு கூடும் என்பீர்கள். ஒரு ஊரைக் குறைத்தால் பஸ் கட்டணமும் ஒரு இரவு ஹோட்டலும் குறையும். அதற்கு மேலும் பணம் கட்ட முடியாத மாணவர்கள் இருந்தால் அவர்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஊரில் என்னைப் போலத் தொழில் செய்கிற இன்ஜினியர்களும் கான்ட்ராக்டர்களும் இருக்கிறோம், கேளுங்கள், நான் என் பங்கைத் தருகிறேன், கூட்டாளிகளிடமும் சொல்கிறேன். அப்புறம், போய் வந்த மாணவர்களில் யாருக்காவது அந்த செக்‌ஷனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிஜமான மனையில் லெவல் எடுத்துப் பழக வேண்டும் என்றால் விடுமுறையில் என் சைட்டுக்கு அனுப்புங்கள். தங்க இடமும் சாப்பாடும் என் பொறுப்பு. இப்போது பத்திரம் முடிந்து ஜேசிபி இன்னும் இறங்காத ஒரு மனை இருக்கிறது, ஓரத்தில் இரண்டு புளிய மரங்களோடு.

இப்படிக்கு,
தென் மாவட்டத்தில் வீடு கட்டிக் கொடுக்கும் ஒரு சிவில் இன்ஜினியர்